மீனைக் கண்டால் சூடாகும் எஞ்சின்

1

இந்தக் கதை ஒரு மீனிலிருந்து பிறந்தது. கடலில் துள்ளிய மீன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். இது என் வீட்டு வாசல் ஆணியில் தொங்கிய மீன்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் ஒரு சூரைமீனைத் தொங்கவிட்டுப் போகிறவர், ‘நூரானி’ என்ற மீன்பிடித் தோணியை நடத்தும் தண்டல் ஜகரிய்யா. தலைநகர் மாலேயிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் இந்தத் தீவின் பள்ளிக்கூடத்தில் அவர் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்கான மரியாதை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பேரன் கணக்கில் தோற்ற பிறகும் மீன் வந்தது. அப்போதுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. காரணமில்லாமல் வரும் மீனில் முள் அதிகம்.

“சார், நீங்க உங்க பாஷையில கதையெல்லாம் எழுதுவீங்களாமே” என்றார் ஒருநாள், துறைமுகத்தில் வலைபோலப் பின்னிய கயிற்று இருக்கைகளில் என் பக்கத்து வலையில் சாய்ந்துகொண்டு. “நம்ம தோணியைப் பத்தி ஒண்ணு எழுதுங்க. எழுதி எங்களுக்கும் சொல்லிக் காட்டுங்க. மத்ததெல்லாம் உங்க இஷ்டம். பீச்சு மட்டும் நல்லா வரணும்.”

பீச்சு என்பது தோணியின் பின்புறத்திலிருந்து கடல்மேல் தூவும் தண்ணீர். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள இரைமீனை அள்ளி வீசி, கூடவே பீச்சைத் திறப்பார்கள். தண்ணீர்ப்பரப்பு பொரிவதைப் பார்த்து, கீழே குட்டிமீன்கள் கும்மாளம் போடுகின்றன என்று சூரை நம்பிவிடும். நம்பியது மேலே வரும். வந்ததைத் தூண்டிற்கழி தூக்கிக்கொள்ளும். மேலோட்டமாக நிறையச் சலசலப்பு, உள்ளே ஒரு கொக்கி. எழுத்துத் தொழிலில் இருப்பவன் இதைப் புரிந்துகொள்ளச் சிரமப்பட வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: “நீலக்கடல் தன் ஆயிரம் கரங்களால் அந்தத் தோணியைத் தாலாட்டிய வேளையில்”

இதோடு நிறுத்தினேன். கடலுக்குக் கை இருந்திருந்தால் கதைக்கு எஞ்சினே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் தொடக்கம்: “மனிதனும் இயந்திரமும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும் இந்த யுகத்தில்”

இது விருது வாங்கும் தொடக்கம். ‘நூரானி’யின் எஞ்சின் டிரைவர் ரஷ்வானிடம் இதை அவர்கள் மொழியில் சொல்லிக் காட்டினேன். “யாரு யாரைச் சந்தேகப்பட்டா சார்? எல்லாரும் சேர்ந்து என்னைத்தான சந்தேகப்பட்டாங்க” என்றான்.

மூன்றாவது: “முள் ஏறியது.” இதை வைத்துக்கொள்கிறேன்.

3

முள் ஏறியது.

ரஷ்வான் எஞ்சின் குழிக்குள் குந்தியிருந்தான். மேலே பலகையில் கால்கள் திமுதிமுவென்று பின்பக்கம் ஓடின. பறவைகளின் கத்தல் கேட்டது. மீன்கூட்டத்தின்மேல் வந்துவிட்டார்கள். அவன் எஞ்சினின் வேகத்தைத் தாழ்த்தினான், பீச்சுப் பம்பின் பட்டையைக் கோத்துவிட்டான், வெப்ப முள்ளைப் பார்த்தான். மீனைத் தேடி வெளிக்கடலில் அவ்வளவு தூரம் விரட்டியபோதெல்லாம் அசையாமல் நின்ற முள், இப்போது, தோணி ஏறக்குறைய சும்மா நிற்கும்போது, நடக்கப் பழகும் குழந்தைபோலத் தத்தித்தத்திச் சிவப்பை நோக்கிப் போயிற்று. பிறகு எச்சரிக்கை மணி.

எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் பீச்சு நிற்கும், பீச்சு நின்றால் சூரைக்கு விஷயம் புரிந்துவிடும்.

மேலே இருந்து தண்டலின் குரல் இறங்கியது. “டேய் டிரைவரு! கல்யாண வீட்டுக்குள்ள நுழையறப்ப வேட்டியை அவுத்துட்டியேடா!”*

* அவர் வேட்டி என்று சொல்லவில்லை. அவர்கள் கட்டுவது வேறு. ஆனால் அவிழ்ந்தால் நேரும் கதி ஒன்றே.

அன்று முதல் அதே கதை. போகும்போது சூடில்லை, திரும்பும்போது சூடில்லை, மீனைக் கண்டால் மட்டும் சூடு.

4

வாசகர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார். முதல் பகுதியிலேயே பீச்சைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேன். பீச்சில்தான் ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கதை படிப்பவருக்கு அப்படி ஒரு வசதி. தேவையில்லாததை இந்த ஆள் சொல்லமாட்டான் என்று நம்பலாம். (என் விஷயத்தில் அது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.) ரஷ்வானுக்கு அந்த வசதி இல்லை. அவன் குழியில் எல்லாமே ஒரே சத்தத்தில் பேசின.

அவன் வரிசையாகப் பார்த்தான். கடல்தண்ணீர் உள்ளே வரும் வடிகட்டியைத் திறந்தான். ஒரு பிளாஸ்டிக் பையின் காது கிடைத்தது. “இதுதான், இதுதான்” என்று அதைத் துறைமுகம் முழுக்கக் காட்டினான். மறுநாள் மீன்மேல் மணி அடித்தது. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீர் இழுக்கும் சின்னப் பம்பின் ரப்பர் இறக்கையைப் புதிதாக மாற்றினான். மணி அடித்தது. கூலரைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குடைந்தான். மணி அடித்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், மீன்சாறு காய்ச்சும் பானையில் போட்டுக் கொதிக்கவைத்து, திறக்கிறதா என்று பார்த்தான். நன்றாகத் திறந்தது. அவன் மனைவியும் வாயைத் திறந்தாள்.

“எனக்கு வேற பானை வாங்கித் தந்துட்டு இதைக் கட்டிக்கிட்டு அழுங்க. சோத்துல டீசல் வாடை.”

“டீசல் இல்லடி. கூலன்ட்.”

“அப்ப சரி. கூலன்ட் சாறு குடிங்க.”

ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் துறைமுகத்தில் தோணியைக் கட்டிப்போட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தான். முள் அசையவில்லை. அசையாது. ஏனென்றால் துறைமுகத்தில் பீச்சைத் திறக்கக் கூடாது. அது ஜகரிய்யாவின் சட்டம். “மீனில்லாம பீச்சைத் திறக்கிறது பொண்ணு பாக்காம சீர் அனுப்புற மாதிரி. அதிர்ஷ்டம் கழண்டுரும்” என்பார். அந்தத் தோணியில் யாரும் அதை மீறியதில்லை. எனவே பழுது மீன்மேல் மட்டும் நடந்தது, பரிசோதனை கரையில் மட்டும் நடந்தது. இரண்டும் ஒரே ஊரில் வாழ்ந்தும் சந்தித்துக்கொள்ளவில்லை.

5

கயிற்று இருக்கைகளில் மாலையில் ஆலோசனை கூடியது. ஆலோசனைக்கு எஞ்சின் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி எந்தத் துறைமுகத்திலும் இல்லை.

“அதுக்குத் தெனம் சூரை சூரைன்னா சலிக்காதா?” என்றான் தூண்டில்காரன் ஃபாயிஸ். “கோழி கேக்குது. ஒருநாள் கோழிக்கறி வாசனை காட்டிப் பாருங்கண்ணே.”

“எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல” என்றார் ஜகரிய்யா, பாக்கைக் கன்னத்தின் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு. “டிரைவரு மனசுல இருக்கு கோளாறு. மீனைப் பாத்ததும் பதறுறான். பதட்டம் இரும்புக்கு ஒட்டிக்கும்.”

“அப்ப உங்க கோவம் எதுக்கு ஒட்டும் தண்டலே?” என்றான் ரஷ்வான். “பீச்சுக்கா?”

“பீச்சைப் பத்திப் பேசாத. இந்தச் சுத்துவட்டத் தீவுல எவன்கிட்ட இருக்கு அப்படி ஒரு பீச்சு? மஞ்ச வெயில்ல வானவில்லே விழுது.”

அது உண்மை. பழைய பம்பை எறிந்துவிட்டுப் பெரிய பம்ப் போட்டதிலிருந்து ‘நூரானி’யின் பீச்சு பக்கத்துத் தோணிக்காரர்களையும் நனைத்தது. வானவில் விழுந்தது. மீன்தான் விழவில்லை.

தோணியின் சொந்தக்காரி மூமினா மாசிக்கருவாட்டைப் புகையில் காயவைக்கிற கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். உட்காரவில்லை. கையில் பழைய புகைவாடை.

“ரஷ்வான், உன்னைக் கெட்டவன்னு நான் சொல்லல. உன் கைவேலையையும் குறை சொல்லல. ஆனா என் கொட்டகையில அடுப்பு அணைஞ்சு கெடக்கு. இனி ஒருதடவை மீன்மேல மணி அடிச்சா, வேற டிரைவரைப் பாத்துக்கறேன். மனசுல வச்சுக்காத.”

“சரிக்கா” என்றான் அவன். வேறென்ன சொல்ல? எங்கள் தீவில் டிரைவர் இல்லாத தோணி கிடையாது. அந்த இடம் போனால், தூரத்து விடுதித் தீவு ஒன்றில் வெள்ளைக்காரர்களின் ஏசிக்காக ஓடும் ஜெனரேட்டருக்குக் காவல் இருக்கப் போகவேண்டும். அது ஒருபோதும் சூடாகாது. நகரவும் நகராது.

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஜகரிய்யாவை நான் சரியாக எழுதுகிறேனா?

அவரை இதுவரை ஒரு காற்றடைத்த பையாக எழுதியிருக்கிறேன். எனக்கு அது கைவந்த வேலை. பெரிய மனிதர்களைக் கண்டால் ஊசி தேடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அந்த மனிதர், நான் கண்ணாடி போட்டும் பார்க்கமுடியாத தூரத்தில், வானும் கடலும் ஒட்டுமிடத்தில் ஒரு பறவை தலைகீழாக விழுவதைப் பார்த்து, “அது மேயுது, இது விளையாடுது” என்று பிரித்துச் சொல்வார். அந்தக் கண்ணை வெறும் தற்பெருமைக்காரனின் முகத்தில் வைத்தால் கதை பொய்யாகிவிடும். வைக்காமல் விட்டாலோ என் கேலி

(இந்த வாக்கியத்தை முடிக்கவேண்டாம் என்று தோன்றுகிறது.)

ரஷ்வானையும் அப்படியே நல்லவனாக விட்டுவிட மனமில்லை. அவன் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தான் என்று எழுதினேன். ஒன்றைப் பார்க்கவில்லை. பெரிய பம்பு வந்தபோது அதற்குத் தோணியின் அடியில் புதிதாகப் பெரிய துளை போடவேண்டியிருந்தது. துளை போடத் தோணியைக் கரையேற்றவேண்டும். மீன் பருவத்தில் கரையேற்ற ஜகரிய்யா சம்மதிக்கவில்லை. “ஏதாவது பண்ணுடா, நீ கெட்டிக்காரன்” என்றார். கெட்டிக்காரன் என்று கூப்பிட்டால் எவனும் ஏதாவது பண்ணிவிடுவான். எஞ்சினுக்குக் கடல்தண்ணீர் வரும் அதே குழாயில் ஒரு கிளை வைத்து, பீச்சுப் பம்பை அதிலேயே கோத்துவிட்டான். நடுவில் ஒரு அழகான பித்தளை வால்வு. சொட்டு ஒழுகவில்லை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். தான் பாராட்டு வாங்கிய இடத்தில் எவன் பழுது தேடுவான்?

7

(நான் அன்று தோணியில் இல்லை. எனக்குக் கட்டிப்போட்ட தோணியிலேயே குமட்டும். இது ரஷ்வான் சொன்னது. இரண்டாம் முறை சொன்னபோது அலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. முதல்முறை சொன்ன அலையையே எடுத்துக்கொள்கிறேன்.)

வெளிக்கடல். கரை கண்ணுக்கு மறைந்திருந்தது. மேலே கால்கள் ஓடின. ரஷ்வான் வேகத்தைத் தாழ்த்திப் பட்டையைக் கோத்தான். அன்று முள்ளைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தான். பார்ப்பதால்தான் ஏறுகிறது என்று ஃபாயிஸ் சொல்லியிருந்தான். எனவே பார்வையைத் திருப்பினான். திருப்பிய இடத்தில் அந்தக் கிளைக்குழாய் இருந்தது.

எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிய குளிர்பானப் பைபோல, உள்பக்கம் உள்பக்கத்தோடு ஒட்டி. தொட்டான். சூடு. பக்கத்திலேயே பீச்சுக்குப் போகும் குழாய் பருத்து, நரம்பு புடைத்து அதிர்ந்துகொண்டிருந்தது.

ஒரு வாய். இரண்டு தொண்டை. பெரிய தொண்டை குடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டத்தின்போது பம்ப் நிற்கும், எஞ்சினுக்கு முழுத் தண்ணீர். கரையில் சட்டம் இருக்கிறது, எஞ்சினுக்கு முழுத் தண்ணீர். மீனைக் கண்டால் மட்டும் வானவில்லுக்கு முதல் பந்தி.

முள் ஏறத் தொடங்கியிருந்தது. மேலே மீன்கள் பலகையில் விழும் சத்தம், தபதபவென்று, மழைபோல. பல வாரங்களாகக் கேட்காத சத்தம். ரஷ்வான் தலையை வெளியே நீட்டினான்.

“தண்டலே, பீச்சைக் கொஞ்சம்”

“என்னடா?”

“கொஞ்சம் குறைக்கட்டா?”

“குறைச்சா உன் கையைக் குறைப்பேன். உள்ள போ.”

அவன் உள்ளே போனான். வால்வைப் பிடித்தான். மூடினால் மீன் கலையும், கலைத்தவன் அவன். மூடாவிட்டால் மணி அடிக்கும். அடித்தால் வேலை போகும். மணியையும் மீறி ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுபோகும். கரை காணாத இடத்தில் தோணியும் அதிலுள்ள அத்தனை பேரும் நீரோட்டத்தின் விருந்தாளிகள்.

8

இங்கே வழக்கமாக முடிவு வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவன் வால்வை முழுக்க மூடுகிறான். மீன் கலைகிறது. கரையில் உண்மையை விளக்குகிறான், எல்லாரும் தலைகுனிகிறார்கள். இப்படித் தலைகுனிந்த கூட்டத்தை நான் கதைகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் எஞ்சின் வெடிக்கிறது. எஞ்சின்கள் அப்படி வெடிப்பதில்லை; எழுத்தாளனுக்குப் பொறுமை போனால் வெடிக்கும். அடித்துவிட்டேன்.

மூன்றாவதில் எஞ்சின் என்பது எஞ்சின் அல்ல, சமூகம். வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்: அவன் பாதி மூடினான். சப்பையாகக் கிடந்த குழாய் மெல்ல உருண்டு எழுந்தது. முள் நின்றது, யோசித்தது, இறங்கியது. மேலே பீச்சு பாதியாகக் குறைந்து, வானவில்லை இழந்து, வெறும் தூறலாக விழுந்தது. சூரைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. தூறலையும் நம்பின. பலகை நிறைந்தது. மணி அடிக்கவில்லை.

மூமினாவின் கொட்டகையில் அன்றே புகை எழும்பியது. “பாத்தியா, பதட்டம் போச்சு” என்று ஜகரிய்யா அவன் முதுகில் தட்டினார். ரஷ்வான் சிரித்தான். இங்கேயே கதையை முடித்திருக்கலாம். எல்லாருக்கும் மீன் கிடைத்துவிட்டது.

ஆனால் ஆறாம் பகுதியில் நான் சந்தேகப்பட்ட அந்தக் கண் இருக்கிறதே. அடிவானத்துப் பறவையின் நோக்கத்தைப் படிக்கும் கண், தன் தலைக்குமேல் பீச்சு பாதியாய் இறங்கியதைப் பார்க்காமலா இருக்கும்? பார்த்திருக்கிறது. கழிகள் வேலையாக இருந்ததால் அப்போது பேசவில்லை. மறுநாள் பேசினார்.

“பம்பு செத்துக்கிட்டிருக்குடா. நேத்து பாதிதான் ஏறுச்சு. அதுலயே இவ்வளவு மீனுன்னா, முழுசா ஏறுனா? மாலேல இன்னும் பெருசு ஒண்ணு சொல்லிட்டேன். அடுத்த படகுல வருது. உன் கைவேலைதான் ஒழுகாதே, அதே எடத்துல கோத்துரு.”

ரஷ்வான் வாயைத் திறந்தான். “மூமினாக்காவும் சரின்னுட்டா” என்றார் அவர்.

9

நேற்று என் வாசல் ஆணியில் இரண்டு மீன் தொங்கின. ஒன்று ஜகரிய்யாவுடையது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரஷ்வானே நின்றிருந்தான். நான் வந்த பிறகுதான் மாட்டினான்.

“சார், நாளைக்குச் சாயங்காலம் தண்டலுக்குக் கதை சொல்லப் போறீங்கல்ல. அதுல அந்தக் குழாய் விஷயத்தைச் சேத்துருங்க.”

“நீயே சொல்லலாமே.”

“நான் சொன்னா சாக்கு. கதைல வந்தா கேப்பாரு. ஆனா சார்...” மீனைச் சுற்றிக்கொண்டிருந்த ஈயை விரட்டினான். “அந்தக் கிளைக்குழாயை வச்சது யாருங்கறது வேணாம். மாலேல இருந்து வந்த யாரோ வச்சான்னு போட்டுருங்க. வைக்கச் சொன்னதே தண்டலுதான, அவரு காட்டிக்க மாட்டாரு.”

“அப்படி யாரும் வரலையே.”

“கதைதான சார்.”

“மாலேக்காரன் வச்சான்னு சொன்னா, தண்டலும் ஆமான்னு அதையே பிடிச்சுக்கிட்டு, இந்தத் தடவை நீ வச்சா சரியா வரும்னு புதுப் பம்பை உன்கிட்டதான் தருவார்.”

அவன் அதை யோசித்திருக்கவில்லை. பிறகு, “பொருத்தினா வால்வைப் பாதி மூடினாலும் பத்தாது சார். அது யானை மாதிரி குடிக்கும்” என்றான். மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

ஆக, ஒரு மீன் பீச்சை உயரமாக எழுதச் சொல்கிறது. இன்னொரு மீன் உண்மையைப் பாதி திறந்து எழுதச் சொல்கிறது. இரண்டையும் ஒரே குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். தின்றால் இரண்டும் ஒரே ருசிதான். இதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

10

இதோ அந்தச் சாயங்காலம்.

கயிற்று இருக்கைகள் நிறைந்துவிட்டன. மூமினா ஒரு தட்டில் மீன் உருண்டை பொரித்துக்கொண்டு வந்து, முதல்முறையாக உட்கார்ந்திருக்கிறாள். ஃபாயிஸ், “சார், கதைல நான் செத்துப்போறேனா? அப்படின்னா இன்னும் ரெண்டு எடுத்துக்கறேன்” என்று தட்டுக்குக் கை நீட்டுகிறான். ரஷ்வான் கடைசி வலையில், யாரையும் பார்க்காமல். அவன் காலடியில் புதுப் பம்பு, அட்டைப்பெட்டியில், கயிறு பிரிக்காமல். அதை நாளை விடியலில் அவன் பொருத்தவேண்டும். பொருத்திய கையோடு கிளம்பவேண்டும். பறவைகள் தூரமாகப் போயிருக்கின்றனவாம். வழக்கத்தைவிட வெளியே.

“ஆரம்பிங்க சார்” என்கிறார் ஜகரிய்யா. “பீச்சுலேர்ந்தே ஆரம்பிங்க.”

நான் எழுதிவைத்த தாள் தமிழில் இருக்கிறது. இங்கே ஒருவருக்கும் அது தெரியாது. எதை வேண்டுமானாலும் வாசிப்பதுபோலப் பாவனை செய்யலாம். கதையில் ஒருவனை மாட்டிவிடுவது எனக்குக் கைவந்த வேலை. எதிரில் உட்கார்ந்திருப்பவனை மாட்டிவிட்டுப் பழக்கமில்லை. எனவே முதல் வாக்கியத்தை இரண்டாக எழுதி வைத்திருக்கிறேன்:

அன்று ‘நூரானி’யின் பீச்சு வானத்தைத் தொட்டது.

அன்று ‘நூரானி’யின் எஞ்சினுக்குத் தண்ணீர் போகவில்லை, அதன் வாயில் இன்னொரு தொண்டையைக் கோத்தவன் இதோ உட்கார்ந்திருக்கிறான், கோக்கச் சொன்னவர் இதோ உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். மிஞ்சியதை நான் வாசிக்கிறேன். இது என் அடக்கம் அல்ல, உங்களுக்கு நான் தரும் மரியாதையும் அல்ல. நீங்கள் இந்தத் தீவில் குடியிருக்கவில்லை, உங்கள் வாசலில் யாரும் மீன் தொங்கவிடவில்லை. அது ஒன்றுதான் காரணம்.

ரஷ்வான் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான்.

கொஞ்சம் சீக்கிரம். ஜகரிய்யா குனிந்து பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.